ஏலத்தின் உடன்பிறப்புகள்: இஞ்சிக் குடும்பத்தில் ஒரு புதிய சிற்றினம் உறுதியாகும் விதம்

போடிநாயக்கனூரிலும் வண்டன்மேட்டிலும் விலை பேசப்படும் ஏலக்காய் எந்தச் செடியில் காய்க்கிறது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எலெட்டாரியா கார்டமோமம் என்ற அந்தச் செடியைப் பற்றி வேளாண் நூல்களும் மருத்துவ நூல்களும் ஏராளமாக எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் அதற்கு நெருங்கிய சொந்தம் எது என்று கேட்டால் அண்மைக்காலம் வரை உறுதியான பதில் கிடையாது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, தென்கிழக்காசியாவில் எலெட்டாரியா என்ற பெயரில் இருந்த செடிகளுக்கும் நம் ஏலத்துக்கும் நேரடி உறவு இல்லை என்று காட்டி, அவற்றைச் சுலெட்டாரியா என்ற புதிய பேரினத்துக்கு மாற்றியது. 2024-இல் ‘தாக்ஸன்’ என்ற வகைப்பாட்டியல் இதழில் வந்த இன்னோர் ஆய்வு, சுருங்கிப்போன அந்தப் பேரினத்துக்கு ஆறு சிற்றினங்களைச் சேர்த்தது. ஏலத்தோடு சேர்த்து இப்போது எலெட்டாரியாவின் கணக்கு ஏழு.

அந்த ஆறில் நான்கு ஏற்கெனவே பெயர் பெற்றவை. சித்தரத்தை, பேரரத்தை ஆகியவற்றை உள்ளடக்கிய அல்பினியா என்ற பேரினத்தில் அவை வைக்கப்பட்டிருந்தன. எஞ்சிய இரண்டும் முற்றிலும் புதியவை. பெரியார் புலிகள் காப்பகத்திலிருந்து எலெட்டாரியா ஃபேசிஃபெராவும், அகத்தியமலை, மூணாறு பகுதிகளிலிருந்து எலெட்டாரியா டூலிபிஃபெராவும் விவரிக்கப்பட்டன. இருநூறு ஆண்டுகளாகத் தாவரவியலர்கள் ஏறி இறங்கிய மலைகள் இவை. ஆளுயரம் வளரக்கூடிய குடும்பத்துச் செடிகள், அதுவும் உலகச் சந்தையே அறிந்த ஒரு பயிரின் உடன்பிறப்புகள், இத்தனை காலம் பெயரில்லாமல் இருந்தது எப்படி?

காட்டில் கண்ணில் படுவது ஒரு செடி, அவ்வளவுதான். அது புதியது என்ற முடிவு அங்கே கிடைப்பதில்லை. அதுவரை அறியப்பட்ட உறவுச் செடிகள் அனைத்தோடும், அவற்றுக்கு இடப்பட்ட பெயர்கள் அனைத்தோடும் ஒப்பிட்டு, எதிலும் அடங்கவில்லை என்று நிறுவிய பிறகே அந்தச் சொல்லைப் பயன்படுத்த முடியும். எல்லாத் தாவரக் குடும்பங்களுக்கும் பொதுவான இந்த விதி, இஞ்சிக் குடும்பத்தில் இரட்டிப்புக் கடினமாகிறது. இங்கே ஒரு சிற்றினத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்கும் அடையாளங்கள் பெரும்பாலும் பூவில் இருக்கின்றன. அந்தப் பூவோ, பல சிற்றினங்களில், ஒரே நாளில் வாடிவிடுகிறது. பழைய பெயர்கள் காய்ந்த மாதிரிகளோடும் ஓவியங்களோடும் கட்டப்பட்டிருக்கின்றன. காய்ந்த மாதிரியில் பூ மிஞ்சுவதில்லை. புதிய பூவுக்கும் பழைய பெயருக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியைக் கடப்பதுதான் இஞ்சி வகைப்பாட்டியலரின் வேலையில் பெரும்பகுதி.

பூவைப் பிரித்துப் பார்த்தால்

இஞ்சிக் குடும்பத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பேரினங்களும் 1,600-க்கும் மேற்பட்ட சிற்றினங்களும் உள்ளன. ஆப்பிரிக்காவிலும் அமெரிக்க வெப்பமண்டலத்திலும் சில பேரினங்கள் இருந்தாலும், செழிப்பு முழுவதும் தெற்கு, தென்கிழக்கு ஆசியாவில்தான். மணமுள்ள கிழங்கு, இலையுறைகள் ஒன்றையொன்று சுற்றி எழுப்பும் போலித்தண்டு, இரு வரிசையாக அமைந்த இலைகள் ஆகியவை இக்குடும்பத்தின் வெளித்தோற்றம்.

ஏலப்பூ ஒன்றை எடுத்துக்கொள்வோம். பார்த்தவுடன் கண்ணை இழுப்பது ஊதாக் கோடுகள் விசிறியாக விரிந்த வெள்ளை உதடு. அதை அல்லி இதழ் என்று நினைப்பது இயல்பு. உண்மையான அல்லி இதழ்கள் மூன்றும் அதன் பின்னால் மெலிந்து, நிறம் குன்றி, ஒதுங்கிக் கிடக்கின்றன. உதடு என்பது மகரந்தம் தரும் தொழிலை விட்டுவிட்ட இரண்டு மகரந்தத்தாள்கள் ஒன்றாக இணைந்து உருவானது. இக்குடும்பத்தின் மூதாதையருக்கு ஆறு மகரந்தத்தாள்கள் இருந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. அவற்றில் மகரந்தம் தருவது இன்று ஒன்றே ஒன்று. உள்வட்டத்தில் மற்ற இரண்டும் உதடாயின. வெளிவட்டத்தில் இரண்டு பக்கவாட்டு மலட்டுத்தாள்களாயின, மூன்றாவது மறைந்துபோனது.

இந்தப் பக்கவாட்டுத் தாள்கள் வகைப்பாட்டியலருக்கு மிகவும் பயன்படுபவை. மஞ்சளிலும் வெள்ளைப்பூ பூக்கும் ஹெடிச்சியத்திலும் அவை இதழ்போல் அகன்று நிற்கும். ஏலத்திலும் அரத்தையிலும் சிறு பல்லாகக் குறுகியிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

ஊசிமுனையால் மகரந்தப்பையை மெல்ல விலக்கினால் இன்னொரு விந்தை தெரியும். சூலகத்தண்டு மயிரிழைபோல் மெலிந்தது. தன் பலத்தில் நிமிர்ந்து நிற்க அதனால் முடியாது. மகரந்தப்பையின் இரு அறைகளுக்கும் நடுவேயுள்ள பள்ளத்தில் நுழைந்து, அந்தப் பிடியில்தான் மேலே ஏறுகிறது. கிண்ணம் போன்ற சூலகமுடி மகரந்தப்பைக்கு மேலே எட்டிப் பார்க்கும். சூலகப்பையின் தலையில் இரண்டு சிறு சுரப்பிகள் தேன் சுரக்கும். மகரந்தப்பைக்கு மேல் கொண்டை உண்டா, இருந்தால் எத்தனை மடல். கீழே குதிமுள் உண்டா, இருந்தால் நேரா வளைவா. உதட்டின் நுனி பிளந்ததா முழுமையானதா. சுரப்பியின் நீளம் எத்தனை மில்லிமீட்டர்: சிற்றினங்களைப் பிரிக்கும் வழக்குகள் பெரும்பாலும் இந்த நுணுக்கங்களில்தான் தீர்கின்றன.

பூவில்லாத காலத்திலும் பயன்படும் அடையாளம் ஒன்று உண்டு. மஞ்சள் பாத்தியில் மண்ணை விலக்கி, கிழங்கு எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். இலைகளின் இரு வரிசையும் கிழங்கு ஓடும் திசைக்கு இணையாகவே விரிந்திருக்கும். ஏலத்திலும் சித்தரத்தையிலும் அவை கிழங்குக்குக் குறுக்காக விரியும். இஞ்சியும் மஞ்சளும் ஒரு துணைக்குடும்பம், ஏலமும் அரத்தையும் இன்னொரு துணைக்குடும்பம் என்ற பெரும்பிரிவை வீட்டுத் தோட்டத்திலேயே கண்ணால் கண்டுகொள்ளலாம்.

காய்ந்தால் போவது என்ன

தாவரவியலின் அடிப்படை ஆவணம் ஹெர்பேரியத் தாள். கிளையை நாளிதழ்களுக்கு நடுவே அழுத்திக் காயவைத்து, தடித்த தாளில் ஒட்டி, சேகரித்தவர் பெயர், எண், இடம், நாள் ஆகியவற்றைக் குறித்து வைப்பது. புல்லுக்கும் புளியங்கிளைக்கும் இந்த முறை நன்றாக ஒத்துவரும். இஞ்சிக்கு ஒத்துவராது. பூவடிச் செதில்கள் சதைப்பற்றுள்ளவை. பலவற்றில் நீரும் வழவழப்பும் தேங்கியிருக்கும். அழுத்தத்தில் மஞ்சரி கருகி நைந்துவிடும். உள்ளேயிருக்கும் பூ மெல்லிய சவ்வாகச் சுருங்கித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். உதட்டின் வளைவு, கொண்டையின் மடல்கள், நிறம், மணம் எல்லாம் போய்விடும். முழுச்செடியும் தாளில் அடங்காது என்பதால் இலையில் ஒரு துண்டு, கிழங்கில் ஒரு துண்டு என்று வெட்டிச் சேர்க்க வேண்டியிருக்கும். நூறாண்டுக்கு முன் சேகரித்த பல தாள்களில் கிழங்கும் இல்லை, பூவும் இல்லை.

மலாய்த் தீபகற்பத்தின் இஞ்சிகளை 1950-இல் விரிவாக ஆராய்ந்து வெளியிட்ட சிங்கப்பூரின் ஹோல்ட்டம் போன்றவர்கள் உயிருள்ள செடிகளையே முதன்மை ஆதாரமாகக் கொண்டனர். இன்று இத்துறையில் வேலை செய்பவர்கள் கிழங்கோடு செடியைப் பெயர்த்து வந்து தோட்டத்தில் நட்டு, அடுத்த பருவத்தில் பூக்கும்வரை காத்திருப்பது சாதாரணம். கோழிக்கோடு பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டத்தில் மாமியில் சாபு பல ஆண்டுகளாகச் சேர்த்த உயிர்த்தொகுப்பு இப்படி உருவானதுதான். தென்னிந்திய இஞ்சிக் குடும்பத்தைப் பற்றி 2006-இல் அவர் வெளியிட்ட நூலுக்கு அந்தத் தொகுப்பே அடித்தளம். களத்தில் பூவை ஆல்கஹாலில் இட்டு வடிவத்தைக் காப்பது, பூவை உறுப்பு உறுப்பாகப் பிரித்துக் கறுப்புப் பின்னணியில் வரிசையாக வைத்து அளவுகோலோடு படமெடுப்பது, இலைத்துண்டைச் சிலிக்கா ஜெல்லில் உலர்த்தி டிஎன்ஏவுக்கு எடுத்துவைப்பது, கிழங்கை வெட்டி உள்நிறத்தைப் பதிவது ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் ஒரு சேகரிப்பு முழுமையாகிறது.

புதிய பூ கையில் இருந்தால் மட்டும் போதாது. எந்த நேரத்துப் பூ என்பதும் தெரிய வேண்டும். சீனாவின் யுன்னான் பகுதி அல்பினியாச் செடிகளில் காணப்பட்ட ஒரு பழக்கம் 2001-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. ஒரே சிற்றினத்தில் இரண்டு வகைச் செடிகள் உண்டு. ஒரு வகையில் சூலகமுடி காலையில் மகரந்தப்பைக்கு மேலே வளைந்து விலகியிருந்து, நண்பகல் வாக்கில் கீழே இறங்கும். மற்ற வகையில் காலையில் கீழே இருந்து, பிறகு மேலேறும். தன் மகரந்தம் தன் மீதே விழாமல் தவிர்க்கும் ஏற்பாடு இது. இதை அறியாமல் காலையில் ஒரு பூவையும் மாலையில் இன்னொரு பூவையும் வரைந்தால் இரண்டு சிற்றினங்கள் என்று எழுதிவிடத் தோன்றும்.

பருவமும் ஏமாற்றும். மஞ்சளின் பேரினமான குர்குமாவில் சில சிற்றினங்கள் இலை வரும் முன்பே பக்கவாட்டில் மஞ்சரி விடும். சில, இலைகளின் நடுவிலிருந்து விடும். இன்னும் சில, பருவத்தின் தொடக்கத்தில் பக்கவாட்டிலும் பிற்பகுதியில் நடுவிலும் என்று இரண்டையும் செய்யும். மஞ்சரியின் இடத்தை மட்டும் வைத்துப் பெயரிட்டால், முதல் மழையில் எடுத்த தாளும் ஆவணியில் எடுத்த தாளும் தனித்தனிப் பெயர் பெற்றுவிடும்.

பெயர்களின் பழைய கணக்கு

செடியைப் பற்றிய ஐயங்கள் தீர்ந்தபின் பெயர்களைப் பற்றிய ஐயங்கள் தொடங்குகின்றன. தாவரப் பெயரிடலுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பின்படி கணக்கு 1753 மே 1-ஆம் நாளில், லின்னேயஸின் ‘ஸ்பீசிஸ் பிளாண்டாரம்’ நூலோடு தொடங்குகிறது. அன்றிலிருந்து முறையாக வெளியான எந்தப் பெயரும் உயிருள்ள பெயரே. ஒரே செடிக்கு இரண்டு பெயர்கள் இருந்தால் முந்தியதே நிற்கும். ஆகவே புதிய பெயர் சூட்ட விரும்புகிறவர், பழைய பெயர்கள் ஒவ்வொன்றும் எந்தச் செடியைக் குறித்தது என்று முதலில் கண்டறிய வேண்டும்.

தென்னிந்திய இஞ்சிகளைப் பொறுத்தவரை இந்தத் தேடல் லின்னேயஸுக்கும் முன்னால் போகிறது. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. மலையாள மருத்துவர் இட்டி அச்சுதனும் மூன்று கொங்கணி வைத்தியர்களும் தந்த அறிவு அதில் அடங்கியிருக்கிறது. 1692-இல் வந்த பதினோராம் தொகுதியில் இஞ்சி, ஏலம், மஞ்சள், கூவை முதலியவற்றின் ஓவியங்கள் உள்ளன. லின்னேயஸ் பல பெயர்களுக்கு இந்த ஓவியங்களையே சான்றாகச் சுட்டினார். உலர்ந்த மாதிரி இல்லாத இடத்தில் ஓவியமே ஆதாரமாக நிற்க வேண்டியிருக்கிறது.

தரங்கம்பாடிக்கும் இதில் பங்குண்டு. லின்னேயஸிடம் பயின்ற யோகான் கேர்ஹார்ட் கோனிக் 1768-இல் அங்கே மருத்துவராக வந்து சேர்ந்தார். பின்னர் ஆர்க்காட்டு நவாபிடமும் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் இயற்கை ஆய்வாளராகப் பணியாற்றினார். 1779-இல் இன்றைய தாய்லாந்தின் பூக்கெட் தீவில் இஞ்சிக் குடும்பச் செடிகளை உயிரோடு கண்டு, உறுப்பு உறுப்பாக நீண்ட விவரிப்புகள் எழுதினார். அவை 1783-இல் ரெட்சியஸின் நூலில் அச்சேறின. ஹெடிச்சியம் என்ற பேரினம் அந்த எழுத்தில்தான் பிறந்தது. பூவைக் காயவைக்காமல் சொல்லில் வைத்ததே கோனிக்கின் சிறப்பு.

கல்கத்தா தாவரவியல் தோட்டத்தை நடத்திய ராக்ஸ்பரோ வேறு வழியைக் கையாண்டார். குர்குமாச் சிற்றினங்கள் பலவற்றைத் தோட்டத்தில் வளர்த்து, இந்திய ஓவியர்களைக் கொண்டு வண்ணத்தில் வரைந்து வைத்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அந்த ஓவியங்களின் ஒரு தொகுதி கல்கத்தாவிலும் மற்றொன்று லண்டனின் கியூவிலும் உள்ளது. லிவர்பூலில் வில்லியம் ராஸ்கோ 1807-இல் இஞ்சிக்கு சிஞ்சிபர் அஃபிசினாலே என்று இன்றுவரை நிலைத்த பெயரை இட்டார். ஏலத்துக்குத் தனிப் பேரினம் 1811-இல் கிடைத்தது. பம்பாய் மாகாணத்து மருத்துவர் டேவிட் வைட் மலபார் ஏலத்தைப் பற்றி எழுதிய கட்டுரையோடு சேர்த்து வில்லியம் மேட்டன் அதை வெளியிட்டார்.

ஏலத்தின் உடன்பிறப்புகளின் கதையும் இந்தக் கணக்கில்தான் சிக்கியிருந்தது. பேராதனைத் தாவரவியல் பூங்காவை நடத்திய த்வெய்ட்ஸ், இலங்கைத் தாவரங்களின் பட்டியலை 1858-க்கும் 1864-க்கும் இடையில் வெளியிட்டார். காட்டில் கண்ட இரண்டு செடிகளை அவர் எலெட்டாரியா ஃப்ளோரிபண்டா, எலெட்டாரியா இன்வோலுக்ராட்டா என்று பெயரிட்டு ஏலத்தின் பேரினத்திலேயே வைத்தார். பின்வந்தவர்கள் அதை ஏற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எடின்பரோவின் பர்ட்டும் ரோஸ்மேரி ஸ்மித்தும் அவற்றை அல்பினியாவில் சேர்த்து, அல்பினியா அபண்டிஃப்ளோரா, அல்பினியா ஃபாக்ஸ் என்று மாற்றுப் பெயர்கள் தந்தனர். 2024-இன் முடிவு அவற்றைத் த்வெய்ட்ஸ் வைத்த இடத்துக்கே திருப்பிக் கொண்டுவந்தது. நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய கணிப்பு சரியென்று ஆனது. ஆனால் அதைச் சரியென்று காட்டும் கருவி அவர் காலத்தில் இல்லை.

எந்த வேறுபாடு எடைபோடும்

இரண்டு செடிகள் ஒன்றுபோல் இல்லை என்பதால் மட்டும் அவை இரண்டு சிற்றினங்கள் ஆகிவிடா. ஏலத்தோட்டத்திலேயே இதற்குச் சான்று உண்டு. மலபார் வகையில் பூங்கொத்து தரையோடு படர்ந்து கிடக்கும். மைசூர் வகையில் நிமிர்ந்து நிற்கும். வழுக்கை வகையில் பாதி சாய்ந்திருக்கும். பார்வைக்கு இத்தனை வேறுபாடு இருந்தும் மூன்றும் ஒரே சிற்றினம்; ஒன்றோடொன்று கலந்து காய்க்கும். காட்டில் இதே வேறுபாட்டை முதன்முதலாகக் கண்டவர் மூன்று பெயர்கள் சூட்டியிருந்தால் வியப்பதற்கில்லை. ஆகவே ஒரு பண்பு எத்தனை தூரம் ஆடும் என்பதைப் பல இடங்களில், பல செடிகளில் அளந்து பார்த்த பிறகே அதற்கு எடை தர முடியும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல பண்புகள் சேர்ந்து மாறியிருந்தால் வழக்கு வலுப்பெறும்.

மஞ்சளின் பேரினத்தில் இந்தக் கேள்வி இன்னும் ஆழமாகிறது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் யானா லியோங்-ஷ்கோர்னிச்கோவாவும் உடன் ஆய்வாளர்களும் இந்தியக் குர்குமாக்களின் குரோமோசோம்களை எண்ணி 2007-இல் வெளியிட்ட முடிவுகளில், எண்ணிக்கை 22-இலிருந்து 105 வரை விரிந்திருந்தது. 42 மிகச் சாதாரணம். சமையல் மஞ்சளுக்கு 63. ஒற்றைப்படையான இந்த எண்ணால் அதன் குரோமோசோம்கள் சரியாக இணைசேர முடிவதில்லை, விதை பெரும்பாலும் உருவாவதில்லை. உலகில் நடப்படும் மஞ்சள் எல்லாம் கிழங்கை ஒடித்து நட்டுப் பெருக்கியதே. விதையில்லாமல் பெருகும் இப்படிப்பட்ட செடிகளில், ஒரே தாய்க்கிழங்கின் வழிவந்த புதர்கள் ஒரு மலைச்சரிவு முழுவதும் ஒன்றுபோலவே இருக்கும். பக்கத்துச் சரிவில் இன்னொரு வழி வேறுமாதிரி இருக்கும். இரண்டும் இரண்டு சிற்றினங்களா, ஒரே சிற்றினத்தின் இரண்டு வழிகளா? மலர் அமைப்பு, குரோமோசோம் எண், விதை பிடிக்கும் திறன், பரவியிருக்கும் நிலப்பரப்பு ஆகிய அனைத்தையும் சேர்த்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். அந்தப் பதிலும் இறுதியானதன்று.

மஞ்சளின் பெயரே ஒரு காலத்தில் தகராறில் இருந்தது. லின்னேயஸ் குர்குமா லோங்கா என்றது சமையல் மஞ்சளைத்தானா என்ற ஐயத்தில், வாலெட்டன் 1918-இல் அதற்குக் குர்குமா டொமெஸ்டிகா என்று புதுப்பெயர் இட்டார். நெடுங்காலம் மருந்து நூல்களில் இரண்டு பெயர்களும் புழங்கின. லின்னேயஸின் பெயர் எந்த ஆதாரத்தோடு கட்டப்பட்டது என்ற ஒற்றைக் கேள்விக்கு 2008-இல் ஒரு முழுக் கட்டுரையே தேவைப்பட்டது. நாள்தோறும் சமையலில் விழும் பொருளுக்கே இந்த நிலை என்றால், காட்டுச் செடிகளின் பெயர்களில் எத்தனை முடிச்சுகள் இருக்கும்!

டிஎன்ஏ மாற்றியது எது

2002-இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஜான் க்ரெஸ்ஸும் உடன் ஆய்வாளர்களும் இரண்டு டிஎன்ஏ பகுதிகளை ஒப்பிட்டு இஞ்சிக் குடும்பத்துக்குப் புதிய பாகுபாடு தந்தனர். அதுவரை நான்கு குலங்களாகப் பார்க்கப்பட்டது, நான்கு துணைக்குடும்பங்களாகவும் ஆறு குலங்களாகவும் மாறியது. ஆப்பிரிக்காவின் சிஃபோனோகைலஸும் போர்னியோவின் தமிஜியாவும் தனித்தனித் துணைக்குடும்பங்களாயின. இலைவரிசையின் திசை என்ற பழைய அடையாளம் இந்தச் சோதனையில் தேறியது. வேறு பல அடையாளங்கள் தேறவில்லை.

அல்பினியா அதற்கு நல்ல உதாரணம். இலைத்தண்டின் நுனியில் மஞ்சரி வருவது அதன் அடையாளமாகக் கருதப்பட்டது. ஏலத்தில் மஞ்சரி அடியிலிருந்து கிளம்புகிறது. 2005-இல் டிஎன்ஏ ஒப்பீடு செய்தபோது, அல்பினியா என்ற ஒரே பெயருக்குள் ஒன்றோடொன்று நேரடி உறவில்லாத ஆறு கிளைகள் கலந்திருந்தன. அவற்றில் ஒன்று இலங்கையின் அல்பினியா ஃபாக்ஸைச் சுற்றியது. 2018-இல் அமோமம் என்ற பெரும் பேரினத்துக்கும் இதே கதி நேர்ந்தது. அதிலிருந்து மெய்ஸ்டெரா, வுர்ஃப்பைனியா, லான்சாங்கியா உள்ளிட்ட பேரினங்கள் பிரிந்தன. உறவில்லாத கிளைகளில் ஒரேமாதிரிக் காய்களும் மஞ்சரிகளும் தனித்தனியே உருவாகியிருந்ததே பழைய குழப்பத்துக்குக் காரணம்.

இதனால் டிஎன்ஏ மட்டும் போதும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பசுங்கணிக டிஎன்ஏ பெரும்பாலும் தாய்வழியில் மட்டும் வருவது. இரண்டு சிற்றினங்கள் கலந்து பிறந்த செடியில் அது பாதிக் கதையைத்தான் சொல்லும். மடங்கு பெருகிய குர்குமாக்களில் ஒரே பகுதியின் பல வடிவங்கள் ஒரே செடிக்குள் இருக்கும். அண்மையில் பிரிந்த சிற்றினங்களின் டிஎன்ஏ ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். செடி எந்தக் கிளையைச் சேர்ந்தது என்பதை டிஎன்ஏ உறுதியாகச் சொல்லும். அந்தக் கிளைக்குள் அது தனிச் சிற்றினமா என்ற கேள்வி மறுபடியும் பூவுக்கே திரும்புகிறது.

பெயர் பிறக்கும் நாள்

எல்லாம் சரிபார்த்த பிறகு எஞ்சுவது சட்டப்படியான வேலை. 1958 ஜனவரி 1 முதல், புதிய சிற்றினத்தின் பெயரோடு வகைமாதிரி ஒன்றையும் குறிப்பிட்டே ஆக வேண்டும். குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட ஓர் இடத்தில் எடுத்த, குறிப்பிட்ட ஒரு ஹெர்பேரியத்தில் வைக்கப்பட்ட ஒற்றைச் சேகரிப்பு அது. அந்தப் பெயர் என்றைக்கும் அந்த மாதிரியோடு பிணைக்கப்பட்டிருக்கும். நாளை யாரேனும் அந்தச் சிற்றினத்தை இரண்டாகப் பிரித்தால், வகைமாதிரி எந்தப் பாதியில் விழுகிறதோ அந்தப் பாதிக்கே பெயர் போகும். 2011 வரை லத்தீனில் விவரிப்பு கட்டாயம். 2012 முதல் ஆங்கிலமும் ஏற்கப்படுகிறது. உறுப்புகளின் அளவுகள் அடங்கிய முழு விவரிப்பு, நெருங்கிய சிற்றினத்திலிருந்து எப்படி வேறுபடுகிறது என்ற சுருக்கக் குறிப்பு, படங்கள், வாழிடம், பூக்கும் மாதம் ஆகியவை கட்டுரையில் இடம்பெறும். அது வெளியாகும் நாளே பெயரின் பிறந்தநாள்.

இந்தியாவில் இதற்கு முன்னும் பின்னும் கடமைகள் உண்டு. காப்புக்காட்டில் கிழங்கைத் தோண்ட வனத்துறையின் அனுமதி வேண்டும். 2002-இன் உயிரியல் பன்மயச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, புதிதாகக் கண்ட எந்த உயிரினத்தையும் அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து, மாதிரியையும் அங்கே ஒப்படைக்கச் சொல்கிறது. தென்னிந்தியத் தாவர ஆய்வாளர் எவரும் தட்டாமல் கடக்க முடியாத கதவு கோயம்புத்தூரில் இருக்கிறது. இந்தியத் தாவரவியல் கணக்கெடுப்புத் துறையின் அங்குள்ள ஹெர்பேரியத்தில் பழைய மதராஸ் மாகாணத்துச் சேகரிப்புகள் இருக்கின்றன.

சிற்றினத்துக்குப் பெயர் கிடைத்தவுடன் அதன் அழிவு அபாயத்தை மதிப்பிடும் வேலையும் தொடங்குகிறது. பெயரில்லாத செடியை எந்தப் பாதுகாப்புப் பட்டியலிலும் சேர்க்க முடியாது. பல புதிய இஞ்சிகள் ஒன்றிரண்டு பள்ளத்தாக்குகளில் மட்டுமே அறியப்பட்டவை என்பதால் இந்த மதிப்பீட்டுக்கு அவசரம் அதிகம்.

ஏலத்தின் புதிய உறவுகளுக்கு இன்னொரு முக்கியத்துவமும் இருக்கிறது. ஏலத்தோட்டங்களை நெடுங்காலமாக வாட்டுவது அசுவினி பரப்பும் கட்டே நோய். மழை தவறினால் விளைச்சல் சரிகிறது. இத்தகைய இடர்களைத் தாங்கும் பண்பைப் பயிருக்குள் கொண்டுவர விரும்பும் எந்த ஆய்வாளரும் முதலில் பயிரின் காட்டு உறவுகளிடம்தான் போவார். உறவு எது என்றே தவறாகத் தெரிந்திருந்தால் தேடலும் தவறான இடத்தில்தான் நடக்கும். எலெட்டாரியா என்ற பழைய பெயரை நம்பியவர் போர்னியோவுக்குப் போயிருப்பார். இனி அகத்தியமலைக்கும் பெரியாருக்கும் இலங்கைக் காடுகளுக்கும் போவார். அவற்றில் பயனுள்ள பண்பு இருக்கிறதா என்பது இனிமேல் சோதித்து அறிய வேண்டியது. எங்கே சோதிப்பது என்பது மட்டும் இப்போது தெளிவாகியிருக்கிறது.

ஏழு என்ற இந்தக் கணக்கும் நிலையானது என்று சொல்வதற்கில்லை. ஒவ்வொரு சிற்றினமும் சான்றுகளின்மேல் நிற்கும் ஒரு கருதுகோள். கூடுதலான பூக்கள், கூடுதலான இடங்கள், கூடுதலான குரோமோசோம் எண்ணிக்கைகள் வந்தால் அது வலுப்படலாம், உடையவும் செய்யலாம். த்வெய்ட்ஸின் பெயர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஒதுங்கிக் கிடந்து மீண்டதற்கும், அவற்றை மீட்டவர்கள் இரண்டு புதிய செடிகளைச் சேர்த்துக் காண முடிந்ததற்கும் காரணம் ஒன்றே. பழைய தாள்களில் இல்லாமல்போன பூவைக் காட்டுக்குப் போய்ப் புதிதாகப் பார்த்து, அந்தப் பார்வையைப் பழைய தாள்களுக்கு எதிரே வைத்துப் படித்தார்கள். தென்னிந்திய இஞ்சிக் குடும்பத்தில் இன்னும் பூவே பதிவாகாத தாள்கள் இருக்கும்வரை, அந்த வேலைக்கு ஹெர்பேரியத்திலும் ஆள் வேண்டும், மழைக்காலக் காட்டிலும் ஆள் வேண்டும்.